விரிசலை மறைத்த கை

பழைய சாமான் பழசாகத்தான் இருக்கும். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இருபது வருடம் ஓடிய இன்ஜினிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஹெட் புத்தம்புதுசாக வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள் இல்லை நான். கரி படிந்திருக்கட்டும். வால்வு கைடு தேய்ந்திருக்கட்டும். சீட்டில் குழி விழுந்திருக்கட்டும், லேத்தில் கொடுத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம். விரிசலே இருந்தாலும், "விரிசல் இருக்கு சார், ஆர்கான் வெல்டிங் போட்டு ஓட்டிப் பாருங்க, அதுக்கேத்த காசு கொடுங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு.

எனக்கு வந்த ஹெட்டில் விரிசல் இருந்தது. அந்த விரிசலை எனக்கு முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, பெட்ரோல் விட்டுக் கழுவி, அலுமினியத் தூள் கலந்த எபாக்சி பேஸ்ட்டை வைத்து அடைத்து, காயவிட்டு, அரத்தால் ராவி, எமரி பேப்பர் போட்டு மட்டம் பண்ணியிருக்கிறார். அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடக் கூடாதே! அதனால் மேலே பழைய கருப்பு ஆயிலையும் தடவியிருக்கிறார். அதற்கப்புறம்தான் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு? எவ்வளவு கைத்திறமை வேண்டும்? அந்தத் திறமையை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது?

வண்டி ஃபோர்டு ஐகான். செங்கல்பட்டு பக்கத்துக்காரர்களுக்கு அது ஏதோ ஒரு கார் இல்லை. மறைமலை நகர் ஃபேக்டரியிலிருந்து 1999-இல் அது வெளியே வந்தபோது, நம்ம ஊரில் செய்த வண்டி என்று ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று பார்த்தவர்கள் உண்டு. அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐகான் தயாரிப்பு நின்று வருடக்கணக்காகிவிட்டது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் இனி வண்டி செய்யப்போவதில்லை என்று கம்பெனியும் அறிவித்துவிட்டது. அடுத்த வருடம் மறைமலை நகரில் லைன் நின்றது. ஆனால் வண்டி ஓடுகிறதே! நல்ல பாடி, நல்ல இன்ஜின். அதைக் காயலான் கடைக்குத் தள்ளுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, வரவும் வேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் பரனூர் டோல்கேட் தாண்டிப் போகும்போது பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்துக் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டது. இன்ஜின் சூடேறி ஹெட் கோணிவிட்டது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கும் ஹெட்டுக்கு விரிய இடம் ஏது? கோணத்தான் செய்யும், இல்லையென்றால் வெடிக்கும். நம்முடையது லேத்தில் மட்டம் பண்ணுகிற அளவைத் தாண்டிக் கோணியிருந்தது. புது ஹெட்டுக்கு விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். அப்புறம் என்ன வழி? பழசுதான்.

இப்படித்தான் லட்சக்கணக்கான வண்டிகள் இந்த நாட்டில் ஓடுகின்றன. சென்னைக்குப் புதுப்பேட்டை, டெல்லிக்கு மாயாபுரி. கழற்றிய கியர்பாக்ஸும் ஆல்டர்னேட்டரும் கதவும் கண்ணாடியும் அங்கே மலையாகக் குவிந்திருக்கும். ஆட்டோக்காரர், டெம்போ வைத்திருப்பவர், பழைய காரை விட மனசில்லாத பென்ஷன்காரர் என்று எத்தனையோ பேரின் பிழைப்பும் பயணமும் அந்தக் குவியலை நம்பித்தான் நகர்கிறது. அந்தத் தொழிலை நான் மதிக்கிறேன். ஒரு போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தே எந்த வண்டி, எந்த மாடல் என்று சொல்கிற ஆட்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்த இன்ஜினியரிங் காலேஜுக்கும் போனதில்லை. அந்த மதிப்பு இருப்பதால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

நான் வாங்கியது வேறொரு ஊர்க் கடையில். எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். போனில் பேசினேன். "ஓடிட்டிருந்த வண்டியில கழட்டின பீஸ் சார், கண்ண மூடிட்டு மாட்டலாம்" என்றார். போட்டோ வந்தது. வீடியோவும் வந்தது. பணத்தை ஜி-பே பண்ணச் சொன்னார், பண்ணினேன். பில் கேட்டேன். "பழைய சாமானுக்கு எங்க சார் பில்லு?" என்றார். திரும்பவும் கேட்டேன். "பார்சல்ல வச்சு விடுறேன்" என்றார். கோணிச் சாக்கு சுற்றி, சணல் கட்டி, லாரி பார்சலில் சாமான் வந்து சேர்ந்தது. பில் வரவில்லை.

மெக்கானிக் தம்பி அவசரக்காரர் இல்லை. ஹெட்டைக் கழுவினார். மட்டக்கோலை வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்தார். மட்டம் சரி. வால்வுகளைக் கழற்றி லேப்பிங் போட்டு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, கம்பஷன் சேம்பர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு புது கேஸ்கட், புது ஹெட் போல்ட், புது ஆயில், புது கூலன்ட். ஒரு முறை முறுக்கி இழுத்த போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று அதையும் புதுசாக வாங்க வைத்தார். ஒரு மெக்கானிக் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

வண்டி ஓடியது, அழகாக. கொஞ்ச நாள்.

பிறகு ரிசர்வாயரில் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. கீழே சொட்டு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. எங்கே போகிறது தண்ணீர்? ஒரு நாள் காலையில் ஆயில் மூடியைத் திறந்தால், உள்ளே பால் விட்ட டீ மாதிரி நுரை. டிப்ஸ்டிக்கை இழுத்தால் அதிலும் அதே நிறம். இன்ஜினைத் தொட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த நிறத்தைப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆயில் படலம் நிற்காது. உலோகம் உலோகத்தோடு உரசும். ஹெட்டில் ஒரு மயிரிழை விரிசல், அது கீழே இருக்கிற மொத்த இன்ஜினையும் தின்றுவிடும்.

திரும்பவும் கழற்றினோம். இந்த முறை ஹெட்டை நேராக லேத்துக்கு எடுத்துப்போய் ஹைட்ரோ டெஸ்ட் போடச் சொன்னேன். தண்ணீர் போகிற வழிகளையெல்லாம் ரப்பர் ஷீட்டும் இரும்புப் பட்டையும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். குளிர்ந்திருக்கும்போது அலுமினியத்தில் மயிரிழை விரிசல் வாயை மூடிக்கொண்டிருக்கும். சூடேறி, கூலன்ட்டில் பிரஷரும் ஏறும்போதுதான் அது திறக்கும். மேசைமேல் வைத்து எத்தனை மணி நேரம் பார்த்தாலும் தெரியாது என்பதற்குக் காரணம் இதுதான். தொட்டியில் முக்கிக் கொஞ்ச நேரத்தில், மூன்றாவது சிலிண்டர் வால்வு ஸ்பிரிங் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து குமிழி கிளம்பியது. மெல்லிசாக, வரிசையாக.

லேத்துப் பெரியவர் ஹெட்டை எடுத்துத் துடைத்தார். ஊசிக் கம்பியால் அந்த இடத்தைக் கீறினார். உலோகம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தது செதிலாகப் பெயர்ந்து வந்தது. எபாக்சி. ஊற வைத்து முழுக்கச் சுரண்டி, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் தெளித்தார். சிவப்புக் கோடு ஒன்று எழுந்து வந்தது, ஸ்பிரிங் சீட்டிலிருந்து பக்கத்து போல்ட் ஓட்டை வரைக்கும். "பழைய விரிசல்ங்க. இது தெரிஞ்சே பண்ணினது" என்றார். குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

யோசித்துப் பாருங்க. விரிசல் தானாக வருவது. உலோகத்தின் மேல் யாருக்குக் கோபம் வரும்? ஆனால் இந்த எபாக்சி தானாக வந்து உட்காரவில்லை. அதை வைத்தவருக்கு எல்லாம் தெரியும். எந்த இடத்தில் விரிசல் என்று தெரியும். நூறு டிகிரியை ஒட்டிய சூட்டிலும் ஆயிலிலும் பிரஷரிலும் இந்தப் பேஸ்ட் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும். டெஸ்டிங் வாரண்டி என்று அவர் சொல்லும் அந்தக் கொஞ்ச நாளைத் தாண்டினால் போதும், அவ்வளவுதான் அவர் கணக்கு. அதற்கப்புறம் நான் குடும்பத்தோடு திண்டிவனம் ரோட்டில் ராத்திரி நடுவில் நின்றால் என்ன, இன்ஜின் பிடித்து இறுகிப்போனால் என்ன? சாமான் கை மாறிவிட்டது. காசும் கை மாறிவிட்டது.

போன் பண்ணினேன். முதலில், "அப்படி இருக்க சான்ஸே இல்ல சார்." போட்டோ அனுப்பினேன். "உங்க மெக்கானிக் போல்ட் டார்க் தப்பா வச்சிருப்பாரு சார்." எபாக்சியைச் சுரண்டின வீடியோவை அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த மந்திரம் வந்தது. "பழைய சாமான் சார். பழைய சாமான்னா அப்படித்தான் சார் இருக்கும்."

அப்படித்தான் இருக்குமா? பழைய சாமானில் தேய்மானம் இருக்கும், துரு இருக்கும். எபாக்சி எப்படி இருக்கும்?

சரி, விற்றவர் அப்படித்தான் பேசுவார். என்னை உட்கார விடாமல் செய்தது மற்றவர்கள் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர்: "செகண்ட் ஹேண்ட்ல போய் நம்பலாமா சார்?" மச்சான்: "மாமா, நேர்ல போய் நாலு வாட்டி பாத்திருக்கணும்." ஆபீஸ் நண்பர்: "பேசாம புது வண்டி எடுத்திருக்கலாமே." எல்லோரும் நல்லவர்கள், என் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் ஒருத்தர்கூட, "அந்த ஆள் பண்ணினது அநியாயம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. எல்லோருடைய விரலும் என் பக்கம்தான் நீண்டது. ஏமாற்றினவனுக்கு நம்ம ஊரில் ஒரு பட்டமே தயாராக இருக்கிறது, பிழைக்கத் தெரிந்தவன். ஏமாந்தவனுக்குத்தான் புத்திமதி.

எப்போதிலிருந்து இப்படி ஆனோம்? வாங்குகிறவன்தான் போலீஸ், அவன்தான் லேப், அவன்தான் வக்கீல் என்று யார் முடிவு பண்ணினார்கள்? ஒரு ஹெட்டை வாங்க நான் ஹைட்ரோ டெஸ்ட் மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு போக வேண்டுமா?

ஹெட் ஒன்றில் மட்டும் நடப்பதா இது? வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் புதுசாகக் கோடு வெட்டி விற்கிறார்களே, அந்த டயரை மாட்டிக்கொண்டு ஒரு குடும்பம் மழையில் போகிறதே! செத்த பேட்டரியின் மேல் புது ஸ்டிக்கர். தேய்ந்த ஆல்டர்னேட்டரின் மேல் பெயிண்ட். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் பேனட் வரைக்கும் முங்கின! தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறும். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் கனெக்டிங் ராடு வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்த ராடோடு இன்ஜின் ஸ்டார்ட்டும் ஆகும், ஐடிலிங்கும் ஆகும். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு நாள் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படிப்பட்ட இன்ஜினை, 'வெள்ளத்தில் நின்றது' என்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டு விற்றால் வாங்குகிறவர் திறந்து பார்த்து ராடை மாற்றிக்கொள்வார். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1930-இல் போட்ட சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதன் 16-ஆவது பிரிவைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு வகைச் சரக்கையே தொழிலாக விற்கிறவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. வாங்குகிறவர் பரிசோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் அந்த நிபந்தனை பொருந்தாது. பார்த்தால் தெரிகிற பழுது வேறு, பார்த்தும் தெரியாத பழுது வேறு. தொண்ணூறு வருடத்துக்கும் முன்னால் எழுதினவர்களுக்குப் புரிந்த இந்த வித்தியாசம், என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் புரியவில்லை?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில் சேர்த்தி. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாள் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. விற்றவர் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை, நான் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் நான் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்தார்கள். "ஒரு ஹெட்டுக்காகவா சார் கேஸு?" என்றார்கள்.

ஆமாம், ஒரு ஹெட்டுக்காகத்தான். ஹெட்டின் விலையைவிட கேஸ்கட், போல்ட், ஆயில், கூலன்ட், இரண்டு தடவை கழற்றி மாட்டின கூலி எல்லாம் சேர்ந்து அதிகமாகிவிட்டது. கிராங்க் பேரிங்கையும் திறந்து பார்த்தாக வேண்டும், அந்தச் செலவு தனி. தம்பி முதல் தடவை செய்த வேலைக்குக் கூலி வாங்கவே கூச்சப்பட்டார். அவர் மேல் என்ன தப்பு? பழுதை மறைத்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார், ஒழுங்காக வேலை பார்த்தவர் தலைகுனிந்து நிற்கிறார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு லேத்தில் ஆகிற செலவு சில நூறு ரூபாய். அந்த எபாக்சிக்கும் எமரிக்கும் அரை நாள் உழைப்புக்கும் அவர் செலவு பண்ணினதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. டெஸ்ட் பண்ணி, நல்லதை நல்லது என்றும் விரிசலை விரிசல் என்றும் சாக்பீஸில் எழுதி வைத்தால் இரண்டுமே விற்கும். விரிசல் விட்ட ஹெட்டுக்கும் ஆள் இருக்கிறது ஐயா! அலுமினியமாகவாவது எடைக்குப் போகும்.

அதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். லேத்துப் பெரியவர் கைகாட்டின ஆர்கான் வெல்டரிடம் அந்த ஹெட்டைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "ஸ்பிரிங் சீட்டையொட்டிப் போவுது. விரிசல வி மாதிரி கிரைண்ட் பண்ணி, ஹெட்ட சூடு பண்ணி, வெல்டிங் போட்டு, திரும்ப மெஷினிங் பண்ணணும். பழைய அலுமினியம், உள்ள ஆயில் ஊறியிருக்கு, வெல்டிங்ல பொத்தல் விழும். பண்ணித் தரேன், ஆனா தாங்கும்னு சொல்ல மாட்டேன். இது எனக்கே சரியாப் படல. வேற ஹெட் தேடுங்க சார்." வந்த வேலையை வேண்டாம் என்கிறார். அதே தொழில். அதே கரி படிந்த கை.

புதுப்பேட்டையில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஹெட் கிடைத்தால் முதலில் லேத்துக்கு, டெஸ்ட் பாஸானால்தான் மீதிப் பணம், பில்லில் 'விரிசல் இல்லை' என்று எழுதித் தர வேண்டும் என்றேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாராளமா சார், ஆனா இப்படி யாரும் கேட்டதே இல்லையே" என்றார்.

போன வாரம் அந்தப் பழைய கடைக்காரரே கூப்பிட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதாக அனுப்பிய நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் போல. குரல் இறங்கியிருந்தது. "வேற பீஸ் அனுப்புறேன் சார், பெரிசு பண்ணாதீங்க. பார்சல் சார்ஜ் மட்டும் நீங்க பாத்துக்குங்க."

"அந்தப் பீஸை ஹைட்ரோ டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட்டோட அனுப்புவீங்களா?"

"பழைய சாமான் சார்…"

பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், லாரி பார்சல் ரசீது, அவர் அனுப்பின வீடியோ, லேத்தில் எழுதி வாங்கின டெஸ்ட் சீட்டு, எபாக்சிச் செதில் போட்டு வைத்த கவர், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.